வாங்கும் வெறுநிலமும்

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரச உத்தியோகத்தின் மீதான மோகத்தைக் கேலி செய்வதற்கே இதனைப் பலரும் எடுத்தாள்வர். ஆனால் அந்த மோகத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதார நியாயம் இருந்தது. ஆறில்லாத குடாநாடு, கிணற்று நீரை நம்பிய தோட்டச் செய்கை, தலைமுறைதோறும் சீதனமாகத் துண்டாடப்படும் காணி. இத்தகைய மண்ணில், பங்கு பிரிக்க முடியாத ஒரே சொத்தாகக் கல்வி அமைந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஆரம்பமானது. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் அனைத்தும் அங்கு உயர்தரத்தில் கற்பிக்கப்பட்டன. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தோன்றியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரிகளாகத் தேறிய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. மதமாற்றத்துக்கு எதிராக எழுந்த ஆறுமுக நாவலரும் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் நிறுவியே தமது பணியைத் தொடங்கினார். மிஷனுக்கும் சைவத்துக்கும் இடையிலான இப்போட்டியினால் ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. ஆங்கிலம் கற்ற இளைஞர் கொழும்புக்கும், பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் கல்வீடுகள் எழுந்தன. 'மலாயாப் பென்சனியர்' என்றொரு புதிய வர்க்கமே உருவாயிற்று.

இந்த ஏணியில் ஏறியவர்கள் யார் என்ற கேள்வியை நம்மவர்கள் அதிகம் கேட்பதில்லை. ஆங்கிலப் பள்ளிகள் கட்டணம் அறவிட்டன. ஆகவே காணியோ வருமானமோ உள்ள குடும்பங்களே பிள்ளைகளை அங்கு அனுப்ப முடிந்தது. நாவலர் மரபில் வந்த சைவக் கல்வி சாதி வரம்பைத் தாண்ட முற்படவில்லை. சமத்துவம் பேசிய மிஷன் பள்ளிகளும் பல வேளைகளில் ஊர் வழமைக்கு வளைந்து கொடுத்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்ட இடங்களிலும், மற்றவர்கள் வாங்கில் இருக்க, அவர்கள் வெறுநிலத்தில் இருந்தனர். பள்ளிக்கூடம் அவர்களுக்கு எழுத்தோடு சேர்த்து அவர்களின் இடத்தையும் கற்பித்தது.

1920களின் முடிவில், உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என அரசு பணித்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள் சமத்துவத்தின் பக்கம் நின்றனர். ஆனால் உயர்சாதியினர் பலர் கொதித்தெழுந்தனர். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினர், மனுக்கள் அனுப்பினர். பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாகின. கல்வியைத் தெய்வமாகப் போற்றுவதாகப் பெருமை பேசும் ஒரு சமூகம், அடுத்தவன் பிள்ளை வாங்கில் இருந்துவிட்டதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தது. 1981இல் நமது நூலகம் எரிக்கப்பட்டதை நாம் என்றும் நினைவுகூருவோம், நினைவுகூரவும் வேண்டும். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர் நமது கைகளே மூட்டிய தீயை மறந்துவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஒரு சமூகம் இதனால் எதை இழந்தது என்பதற்கு டொமினிக் ஜீவாவே சாட்சி. சாதி இழிவு தாங்காது ஆரம்ப வகுப்புகளோடு படிப்பை விட்டு, சிகையலங்கார நிலையத்தில் தொழில் செய்தவர் அவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல தசாப்தங்கள் நடத்தினார். ஜீவாக்கள் எல்லோருக்கும் இது வாய்த்ததில்லை. பள்ளியை விட்டு வெளியேறிய மற்றவர்களின் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

உண்மையான திருப்பம் கொழும்பிலிருந்து வந்தது. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஒக்டோபரிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. மத்திய கல்லூரிகளும் புலமைப்பரிசில்களும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தன. 1960-61இல் உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, ஆசிரியர் நியமனம் முகாமையாளரின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. மதப் பின்னணி கொண்ட நிறுவனங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. ஆயினும், முன்னர் வெறுநிலத்தில் இருந்தவரின் பிள்ளை கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியராக நிற்கும் வாய்ப்பு இதனால் விரிவடைந்தது.

அதே அரசே பின்னர் ஏணியின் படிகளை இன அடிப்படையில் மாற்றியமைத்தது. 1971 அனுமதியில் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. சிங்களமொழி மாணவருக்கு 227 போதுமானதாயிற்று. பரீட்சையையே மூலதனமாகக் கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு இது ஆறாத காயமாகி, அதன் அரசியலையும் திசைமாற்றியது. எனினும் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு, யாழ்ப்பாணத்தின் நிழலில் பின்தங்கிக் கிடந்த தமிழ் மாவட்டங்களுக்கு ஒரு வழியையும் திறந்தது. இரண்டு உண்மைகளையும் ஒருங்கே சொல்ல நம்மில் பலர் இன்னமும் தயங்குகின்றனர்.

இன்று சட்டத்தின்படி எல்லோருக்கும் வாங்கு உண்டு. ஆனால் பள்ளி விட்டபின் திறக்கும் தனியார் கல்வி நிலையத்தில் காசு கொடுத்தவனுக்கே இடம். தோட்டப்புறத்துப் பிள்ளையும் வன்னியின் குக்கிராமத்துப் பிள்ளையும் அங்கு இல்லை. கட்டணத்தை 1945இல் முன்வாசலால் வெளியேற்றினோம். அது பின்வாசலால் திரும்பி வந்திருக்கிறது. வெறுநிலத்தில் இருந்த பிள்ளையாவது அன்று வகுப்பறைக்குள் இருந்தது. இன்றைய பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்பது நமது கண்ணில் படுகிறதா?