முற்றத்து வெள்ளம்

விடிவதற்கு முன்பே கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டார். செய்தி கேட்டு என் குழந்தைகள் இரண்டும் போட்ட கூச்சலில் ஐப்பசி மழையின் சத்தமே அமுங்கிப் போயிற்று. எங்களுடையது பழைய தஞ்சாவூர் ஜில்லா ஓட்டு வீடு. கூடல்வாய்கள் நாலும் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. மூலைக்கு ஒரு அண்டா வைத்தாயிற்று. போன வருஷத்துக் கணக்கு நோட்டு பத்து மணிக்குள் கப்பல் படையாகிவிட்டது. நானும் நாலு கப்பல் செய்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

"அப்பா, இது எங்கே போகும்?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஜலதாரை வழியாகக் கொல்லைக்கு. அப்புறம் வாய்க்கால், ஆறு, கடல்" என்றேன். சொன்ன பிறகுதான், அது அவ்வளவு சுலபமான பிரயாணம் அல்ல என்று நினைவு வந்தது.

எங்கள் சீமைக்கு வெள்ளம் இரண்டு திசையிலிருந்து வரும். ஒன்று மேற்கே இருந்து. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அப்படிப்பட்டது. அதற்கு இங்கே ஒரு தூறல்கூட விழ வேண்டியதில்லை. குடகு மலையிலும் அதைச் சுற்றிலும் பெய்த பேய்மழை காவிரியிலும் கொள்ளிடத்திலும் இறங்கிக் கரைகளை உடைத்தது. அதே மழைதான் கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' ஆயிற்று. அவர்களுடைய கொல்லம் ஆண்டுக்கு அது 1099. மூணாறு மலையில் ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலையே அது அடித்துக்கொண்டு போய்விட்டது. மறு வருஷம் ஆரம்பித்து 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, 120 அடி உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, மேற்கத்தி வெள்ளத்தை ஓரளவு அடக்கிற்று.

ஆனால் கிழக்கேயிருந்து வருகிற மழையை மேட்டூர் என்ன செய்யும்? அது அணைக்குக் கீழே, எங்கள் தலைமேலேயே பெய்கிறது. தரையோ தாம்பாளம் போல மட்டம். பல வாய்க்கால்களுக்குப் பாசனமும் வடிகாலும் ஒன்றேதான். எல்லாம் கடலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். கடல் பொங்கியிருந்தால் தண்ணீரை வாங்காது. நட்டுப் பத்து நாளான சம்பாப் பயிர் மூச்சுத் திணறிக் கிடக்கும். இன்று காலைகூட எதிர்வீட்டுக்காரர் மண்வெட்டியும் கையுமாக ஓடினார். அவர் முகத்தில் விடுமுறைக் களை இல்லை.

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கேட்டேன். 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலின்போது அவளுக்கு ஆறு வயது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி ஓடுகள் பறக்க ஆரம்பித்ததும் தாத்தா குழந்தைகளையெல்லாம் தூக்கிப் பத்தாயத்தின் மேல் உட்கார வைத்துவிட்டாராம். கையில் ஆளுக்கு ஒரு முறுக்கு.

"பயமே இல்லைடா. திருவிழா மாதிரி இருந்தது" என்றாள்.

காலையில் பார்த்தால் தெற்குத் தெருவில் பண்ணையாட்களின் கீற்றுக் குடிசை ஒன்றுகூட இல்லை. அந்த வருஷம்தான் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. நினைத்தபடி வேலையை விட்டு விரட்டக்கூடாது என்றது சட்டம். புயல் சட்டம் படித்ததில்லை.

"என்னோடு பாண்டி ஆடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை."

"எங்கே போனாளாம்?"

"வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை."

1977-இலும் புயல் வந்தது. 2018-இல் கஜா வந்து தென்னந்தோப்புகளை முறித்துப் போட்டது. அவற்றைப் பற்றி அம்மா மணிக்கணக்காகப் பேசுவாள். 1952 மட்டும் அந்த இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிடும்.

சின்னவளின் கப்பல் ஜலதாரை வாயில் சிக்கிக்கொண்டு சுழன்றது. அவள் அழ ஆயத்தமானாள். அம்மா மெல்ல எழுந்து, மழையில் கையை நீட்டி, துடைப்பக்குச்சியால் அதைத் தள்ளிவிட்டாள்.