இசைத்தட்டும் இசைவாணரும்

பாடகரின் புகழைப் பேசுவோர் பலர். அப்புகழ் கடல் கடந்து பரவ வழிவகுத்தவரை நினைப்போர் மிகச் சிலரே. அவ்வாறு மறக்கப்பட்டவருள் ஒருவர் பிரெட் கெய்ஸ்பர்க். 1873ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பிறந்த இவர், இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரிடம் தொழில் பயின்று, 1898இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளராக லண்டன் சென்றார்.

அந்நாளில் ஒலிப்பதிவுக்கு மைக்ரபோன் இல்லை. உலோகக் குழலின் வாய்க்கு நேரே நின்று பாடகர் உரக்கப் பாடுவார். அவ்வொலியின் அதிர்வை ஓர் ஊசி மெழுகுத் தட்டில் கீறும். மென்குரல்கள் இதில் மங்கின. எனவே, எக்குரல் இக்குழலுக்கு ஏற்றது என்று தேர்ந்துணரும் செவியே இத்தொழிலின் முதற்பெரும் மூலதனமாயிற்று.

1902 ஏப்ரலில் மிலான் நகரில் என்ரிக்கோ கரூசோ என்னும் இளம்பாடகரின் குரலைக் கேட்டார் கெய்ஸ்பர்க். பத்துப் பாடல்களுக்கு நூறு பவுன் என்றார் கரூசோ. தொகை மிகுதி, பதிவு செய்யற்க என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், அதனைப் பொருட்படுத்தாது தாம் பதிவு செய்ததாகவும் கெய்ஸ்பர்க் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். ஒரே பிற்பகலில் பதிவான அத்தட்டுகள் ஐரோப்பாவெங்கும் விற்றன. 1903இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் பாடத் தொடங்கிய கரூசோ, உலகின் முதல் இசைத்தட்டு நட்சத்திரம் எனப் போற்றப்பெற்றார்.

1902ஆம் ஆண்டிலேயே கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்தார். நம் நாட்டு இசையின் நுட்பத்தை அவர் அறிந்தவரல்லர். மூத்த வித்வான்கள் பலர், தம் கலை கடைத்தெருப் பொருளாகிவிடுமோ என அஞ்சி விலகி நின்றனர். அஞ்சாது முன்வந்தவர் கௌஹர் ஜான். விரிந்து பரவும் ராகத்தை மூன்று நிமிட அளவிற்குள் சுருக்கி, உருச் சிதையாமல் பாடிக் காட்டினார். முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே அறிவிப்பார். தட்டுகள் அச்சாகிய ஜெர்மனியின் ஹானோவர் நகரத் தொழிலாளர்க்கு இன்னார் பாடல் என விளங்க அஃது உதவியது. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அவர் பாடிய தட்டுகள் நாடெங்கும் ஒலித்தன.

இங்கு ஓர் உண்மை வியப்புக்குரியது. கெய்ஸ்பர்க், கரூசோ, கௌஹர் ஜான் மூவரும் 1873இல் பிறந்தவர்கள். அந்த 1902இல் மூவருக்கும் வயது இருபத்தொன்பது.

ஆயினும் புகழ் அனைவரையும் ஒருபடித்தாய்க் காக்கவில்லை. வழக்குகளில் செல்வம் கரைந்த கௌஹர் ஜான், மைசூர் அரசவையின் ஆதரவை நாடிச் சென்று, 1930இல் அந்நகரிலேயே மறைந்தார். கெய்ஸ்பர்க் 1951இல் காலமானார்.

ஒலிப்பதிவாளர் குரலைப் படைப்பதில்லை. கலைஞரின் வாழ்வுக்குக் காப்புறுதி தருவதுமில்லை. ஆனால், காற்றோடு கரைந்துபோகும் குரலைப் பிற்காலத்தார்க்கு உரிமையாக்குகிறார். கெய்ஸ்பர்க் முழுதும் உணராத கௌஹர் ஜானின் இசையை இன்று நாம் கேட்டு நுகர முடிவது, அவர் அன்று சுமந்து வந்த மெழுகுத் தட்டுகளாலேயே ஆகும்.