வீடியோ போக்கர் இயந்திரங்களின் நேர்மை: ஒரு வரலாறு

வீடியோ போக்கர் என்பது ஐந்து சீட்டு போக்கர் ஆட்டத்தைத் தனியொருவர் திரையில் ஆடும்படி அமைத்த சூதாட்ட இயந்திரம் ஆகும். ஆடுபவர் காசு போட்டதும் ஐந்து சீட்டுகள் விழும். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் கையில் நிற்கும் சீட்டுகளுக்கேற்பப் பரிசு கிடைக்கும். எதிரில் வேறு ஆட்டக்காரர் இல்லை. சீட்டைக் கலைப்பதும் போடுவதும் பரிசு தருவதும் இயந்திரமே. இதனால் இந்த இயந்திரம் நேர்மையானதா, உள்ளே ஏதேனும் சூழ்ச்சி செய்யப்பட்டுள்ளதா என்னும் ஐயம் தொடக்கம் முதலே இருந்து வருகிறது. இந்த ஐயத்தின் வரலாறு அமெரிக்காவில், குறிப்பாக நெவாடா மாநிலத்தில், தெளிவாகப் பதிவாகியுள்ளது.

உருளைகளின் காலம்

போக்கர் இயந்திரத்தின் முன்னோடி 1891 ஆம் ஆண்டு நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் சிட்மன் அண்ட் பிட் நிறுவனம் செய்த கருவி. அதில் ஐந்து உருளைகள் இருந்தன. அவற்றில் மொத்தம் 50 சீட்டுகளின் படங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். பணம் நேரடியாகக் கொட்டாது. மதுக்கடைக்காரரே இலவச பானம், சுருட்டு போன்றவற்றைப் பரிசாகக் கொடுப்பார்.

சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள் உண்டு. கருவியில் இருந்தவை 50. பெரும்பாலும் இஸ்பேட் பத்தும் ஆட்டின் ஜாக்கியும் விடப்பட்டன. போக்கரில் மிக உயர்ந்த கை ‘ராயல் பிளஷ்’. ஒரே சின்னத்தின் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஆகிய ஐந்தும் சேர்ந்து வருவது அது. நான்கு சின்னங்களுக்கு நான்கு ராயல் பிளஷ்கள் உண்டு. விடப்பட்ட இரண்டு சீட்டுகளால் இஸ்பேடிலும் ஆட்டினிலும் அந்தக் கை வரவே முடியாது. மேலும் ஒரே உருளையில் அமைந்த இரண்டு சீட்டுகள் ஒரு கையில் சேர்ந்து வருவதும் இயலாது. சுழலும் உருளையைப் பார்ப்பவருக்கு எந்தச் சீட்டு இல்லை என்பது புலப்படாது. இயந்திரப் போக்கரின் முதல் வடிவத்திலேயே மறைவான குறைப்பு இடம்பெற்றிருந்தது.

திரையும் சில்லும்

1970களில் கணினிச் சில்லுகளின் விலை குறைந்ததும் உருளைகளின் இடத்தைத் திரை பிடித்தது. மிசிசிப்பியில் பிறந்து நெவாடாவில் தொழில் செய்த சை ரெட் என்பவரின் நிறுவனம் 1979 ஆம் ஆண்டு ‘டிரா போக்கர்’ இயந்திரத்தை வெளியிட்டது. அந்நிறுவனமே பின்னர் ஐ.ஜி.டி. என்ற பெயரில் உலகின் பெரிய சூதாட்ட இயந்திர நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஒரு ஜோடி ஜாக்கி அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடி வந்தாலே போட்ட பணம் திரும்பும் என்ற ஏற்பாடு இந்த ஆட்டத்தை மக்களிடையே பரப்பியது.

திரைக்குப் பின்னால் நடப்பது எளிமையானது. சில்லில் உள்ள நிரல் ஓயாமல் சமவாய்ப்பு எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். ஆடுபவர் பொத்தானை அழுத்தும் கணத்தில் கிடைக்கும் எண்கள் சீட்டுகளாக மாற்றப்படும். பழைய இயந்திரங்கள் சில, மாற்றுச் சீட்டுகள் ஐந்தையும் முதலிலேயே ஒதுக்கி வைத்தன. பின்னர் வந்தவை, ஆடுபவர் மாற்றும் பொத்தானை அழுத்தும்வரை மீதமுள்ள 47 சீட்டுகளைக் கலைத்துக்கொண்டே இருந்தன. கலைப்பு நேர்மையாக இருந்தால் இரண்டு முறைகளிலும் வெற்றி வாய்ப்பு ஒன்றே.

நெவாடாவின் விதிகள்

நெவாடாவில் 1955 ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியமும் 1959 ஆம் ஆண்டு சூதாட்ட ஆணையமும் அமைக்கப்பட்டன. இவற்றின் விதிகளில் மூன்று, வீடியோ போக்கருக்கு அடிப்படையானவை.

முதலாவது, சீட்டு, பகடை போன்ற உண்மையான பொருள்களைத் திரையில் காட்டும் இயந்திரத்தில், அவை வரும் வாய்ப்பு உண்மையான ஆட்டத்தில் உள்ள அதே வாய்ப்பாக இருக்க வேண்டும். 52 சீட்டுகளைக் காட்டினால் 52 சீட்டுகளும் சமமாக வர வேண்டும். உருளைக் காலத்துத் தந்திரத்துக்கு இங்கே இடமில்லை.

இரண்டாவது, முடிவு தீர்மானமான பிறகு, ஆடுபவருக்குக் காட்டப்படுவதை மாற்றும் இன்னொரு முடிவை இயந்திரம் எடுக்கக் கூடாது. 1980களின் இறுதியில் யுனிவர்சல் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் சுழல் இயந்திரங்களைப் பற்றிய விசாரணையில் இது பெரிய விவாதமானது. அந்த இயந்திரங்கள் தோல்வியை முதலில் தீர்மானித்துவிட்டு, ‘மயிரிழையில் தப்பியது’ போன்ற தோற்றத்தை அடிக்கடி காட்டின. ஆணையம் அதை ஏற்க மறுத்தது.

மூன்றாவது, இயந்திரம் கோட்பாட்டளவில் போடப்படும் பணத்தில் குறைந்தது 75 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும். சீட்டுகளைத் தொடக் கூடாது என்று விதித்த சட்டம், பரிசுத் தொகையைக் குறைக்கும் உரிமையைச் சூதாட்ட விடுதிகளிடமே விட்டுவைத்தது.

அமெரிக்கன் காயின் வழக்கு

விதி இருந்தும் அது மீறப்பட்டதற்கு மிக முக்கியமான சான்று லாஸ் வேகாஸின் அமெரிக்கன் காயின் நிறுவனம். மதுக்கடைகளிலும் சிறு கடைகளிலும் இயந்திரங்களை வைத்து நடத்திய நிறுவனம் இது. 1989 ஆம் ஆண்டு அதன் இயந்திரங்களைக் கட்டுப்பாட்டு வாரியம் கைப்பற்றி ஆராய்ந்தபோது, ராயல் பிளஷ் வராமல் தடுக்கும் வகையில் நிரல் மாற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. நிறுவனம் உரிமத்தை இழந்தது. நிரலை எழுதியவரும் வழக்கில் சாட்சி சொல்லவிருந்தவருமான லாரி வோல்க் 1990 ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த மோசடியை ஆடியவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கணக்கு விளக்கும். முதல் ஐந்து சீட்டிலேயே ராயல் பிளஷ் விழும் வாய்ப்பு 6,49,740இல் ஒன்று. சீட்டு மாற்றும் வசதியோடு சேர்த்து, சரியாக ஆடுபவருக்குச் சுமார் 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறை அது வரும். மணிக்கு 500 ஆட்டம் ஆடினால் 80 மணி நேரம். முற்றிலும் நேர்மையான இயந்திரத்தில் 40,000 ஆட்டம் ஆடிய 100 பேரில் ஏறக்குறைய 37 பேர் அதை ஒருமுறைகூடக் காண மாட்டார்கள். 80,000 ஆட்டத்துக்குப் பிறகும் 13 பேருக்குமேல் வெறுங்கையோடு இருப்பார்கள். ராயல் பிளஷ் வராத ஒருவர், தாம் ஏமாற்றப்பட்டவரா, அதிர்ஷ்டம் இல்லாதவரா என்பதைத் தம் அனுபவத்தைக் கொண்டு அறிய முடியாது. சில்லைத் திறந்து பார்ப்பவரால் மட்டுமே அறிய முடியும்.

சோதிப்பவரின் குற்றம்

சில்லைத் திறந்து பார்ப்பவர் நேர்மையானவரா என்ற கேள்வியும் சில ஆண்டுகளில் எழுந்தது. ரொனால்ட் டேல் ஹாரிஸ், கட்டுப்பாட்டு வாரியத்தில் மின்னணு இயந்திரங்களைச் சோதிக்கும் பணியில் இருந்தவர். களத்தில் சில்லுகளைச் சரிபார்க்கப் பயன்பட்ட கருவியிலேயே அவர் தம் நிரலைச் சேர்த்தார். சோதனை நடந்த இயந்திரத்தில் அந்த நிரல் போய் அமர்ந்தது. பிறகு குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் இயந்திரம் பரிசு தரும். 1995 ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில், கீனோ என்னும் எண் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டிக் கணித்து அவருடைய கூட்டாளி 1,00,000 டாலர் வென்றபோது ஐயம் எழுந்து, ஹாரிஸ் பிடிபட்டார். இங்கே ஏமாற்றப்பட்டவை விடுதிகள். ஆயினும் சோதனைமுறையின் மீதான நம்பிக்கையே இதில் அடிபட்டது.

விதி மாறும் இடங்கள்

நெவாடாவின் சீட்டு விதி எல்லா இடங்களுக்கும் பொருந்துவதில்லை. 1988 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பழங்குடியினர் சூதாட்டச் சட்டம், பிங்கோ வகை ஆட்டங்களைத் தனிப் பிரிவாக வைத்தது. பழங்குடியினரின் சில விடுதிகளில் உள்ள அப்பிரிவு இயந்திரங்களில் முடிவைத் தீர்மானிப்பது பிங்கோ. திரையில் தெரியும் சீட்டுகள் அந்த முடிவைக் காட்டும் அலங்காரம் மட்டுமே. அங்கே எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது என்ற திறமைக்குப் பெரிய பயன் இல்லை. இது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் நெவாடா இயந்திரம்போலத் தோன்றுவதால் பலர் குழம்புகின்றனர்.

பரிசு அட்டவணை

இயந்திரத்தின் முகப்பிலேயே எந்தக் கைக்கு எவ்வளவு பரிசு என்ற அட்டவணை இருக்கும். அதில் இரண்டு வரிகளே பெரும்பாலும் மாற்றப்படுகின்றன. ஒரே எண்ணின் மூன்று சீட்டுகளும் ஒரு ஜோடியும் சேர்ந்த ‘புல் ஹவுஸ்’ ஒன்று. ஐந்தும் ஒரே சின்னமான ‘பிளஷ்’ மற்றொன்று. ஒரு காசுக்கு இவை முறையே 9, 6 எனத் தரும் இயந்திரத்தில், ஐந்து காசு போட்டுத் தவறின்றி ஆடுபவருக்குத் திரும்பும் பங்கு 99.54 விழுக்காடு. 8, 5 எனில் 97.30. 6, 5 எனில் 95.00.

25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து காசு வீதம் மணிக்கு 500 ஆட்டம் ஆடினால் 625 டாலர் பந்தயம் வைக்கப்படுகிறது. சராசரி இழப்பு முதல் இயந்திரத்தில் சுமார் 3 டாலர், இரண்டாவதில் 17 டாலர், மூன்றாவதில் 31 டாலர். சீட்டுகள் மூன்றிலும் ஒரே நேர்மையோடுதான் விழுகின்றன.

ராயல் பிளஷின் பங்கு மொத்தத்தில் சுமார் 2 விழுக்காடு. 9, 6 இயந்திரத்தில் அந்தக் கையை முழுவதும் களவாடினாலும் ஏறத்தாழ 97.5 விழுக்காடு திரும்பும். நேர்மையான 8, 5 இயந்திரம் தருவது அதைவிடக் குறைவு. சட்டம் தண்டிக்கும் மோசடி ஆடுபவரிடமிருந்து எடுப்பதைவிட, சட்டம் அனுமதிக்கும் அட்டவணை கூடுதலாக எடுத்துவிட முடியும்.

மதிப்பீடு

வீடியோ போக்கர் இயந்திரங்கள் சூழ்ச்சி செய்யப்பட்டவையா என்ற கேள்விக்கு வரலாறு ஒற்றை விடை தருவதில்லை. மோசடி நடந்திருக்கிறது, அது கண்டுபிடிக்கப்பட்டும் இருக்கிறது. உரிமம் பெற்ற விடுதிக்கு மோசடியால் கிடைப்பது ஓரிரு விழுக்காடு, இழப்பது உரிமம். அதே ஓரிரு விழுக்காட்டை அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றி வெளிப்படையாகவே பெறலாம். இன்று பெரும்பாலான விடுதிகளுக்கு மோசடி தேவைப்படாததற்கு இதுவே காரணம்.

1891இல் புரூக்ளின் மதுக்கடையில் நின்றவருக்கு, உருளையில் இல்லாத இரண்டு சீட்டுகளை அறிய வழி இல்லை. இன்று ஆடுபவரிடமிருந்து எடுக்கப்படுவது எவ்வளவு என்பது கண்ணெதிரில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் குறைவு. படித்தபின் ஆடாமல் எழுந்து செல்பவர் அதனினும் குறைவு.