முட்டி மடக்கக் கற்றுக்கொடுத்த ஊர்

1954 ஜனவரி 30. வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் போன வண்டி கவிழ்ந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே இல்லைங்கிற நிலைமை. வேற யாராவதா இருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். இவங்க சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சாங்க.

கூட இருந்தவர் பால் பிராண்ட். மடங்கிப்போன விரல்களுக்கு, நல்லா இருக்கிற தசைநார் ஒண்ணை இடம் மாத்திக் கட்டி உயிர் கொடுத்தவர். இந்த வைத்தியத்துல ஒரு விஷயம் உண்டு. கத்தி வேலை சில மணி நேரம்தான். இத்தனை வருஷமா வேற வேலை செஞ்ச தசையை புது வேலைக்குப் பழக்கணும். அதுக்கு நாள்கணக்கா, மாசக்கணக்கா பயிற்சி. பயிற்சி இல்லைன்னா ஆபரேஷனும் வீண். "பிசியோதெரபியா, அது சும்மா கையைக் காலை ஆட்டுறதுதானே"ன்னு நம்ம ஊர்ல இன்னிக்கும் சொல்றவங்களை அந்த வார்டுக்கு அனுப்பிப் பார்த்திருக்கணும்.

மேரி வர்கீஸ் முதல்ல ஆஸ்திரேலியாவின் பெர்த் போய் தன்னையே தேத்திக்கிட்டாங்க. அப்புறம் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்தின மறுவாழ்வு மையத்துல படிப்பு. திரும்பி வந்து 1963-ல் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவர். 1966-ல் பாகாயத்துல நோயாளிகள் தங்கிப் பயிற்சி எடுக்க தனி நிலையமே வந்துடுச்சு. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானாங்க. அந்த நிலையத்துக்கு இப்போ அவங்க பேர்தான்.

பாகாயம் தாண்டி கணியம்பாடி, அமிர்தின்னு போனா ஜவ்வாது மலை. இதை ஏன் சொல்றேன்னா, அந்த மலையில ஜமுனாமரத்தூர் பக்கம் எனக்கு ஒரு நண்பன். கபடியில கால் திரும்பி முட்டிக்குள்ள ஜவ்வு அறுந்துடுச்சு. டாக்டருங்க பாஷையில ஏ.சி.எல். (ஜவ்வாது மலையில ஜவ்வு அறுந்தவன்னு கிண்டல் எல்லாம் பண்ணியாச்சு, நீங்க புதுசா ஆரம்பிக்க வேண்டாம்.) ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பிசியோதெரபிக்கு வாரம் ரெண்டு தடவை போளூர் வரணும்னு சொல்லி அனுப்பினாங்க. வளைவு வளைவா இறங்குற பஸ்ல மடங்காத காலை எங்க நீட்டுறது? ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் போச்சு. நாலு தடவையோட விட்டுட்டான். கால் தொண்ணூறு டிகிரியோட நின்னுபோச்சு. சம்மணம் போட முடியல. மலைச்சரிவுல மேல ஏறிடுறான், இறங்கத்தான் பயம். இறங்கும்போது உடம்பு பாரத்தைப் பிடிச்சு நிறுத்துறது முன்தொடை தசை. அது வத்திப் போயிருந்தா முட்டி தடக்குன்னு விட்டுடும்.

இந்த ஜவ்வு வைத்தியத்தோட சரித்திரமே வேடிக்கையானது. 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துல மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியோட முட்டி ஜவ்வைத் தைச்சார். 1917-ல் ஹே குரோவ்ஸ் தொடையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து புது ஜவ்வாவே வெச்சார். 1918-ல் டோக்கியோவில் டகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கிற குழாயை பிணத்தோட முட்டிக்குள்ள விட்டுப் பார்த்தார். இன்னிக்கு சின்ன ஓட்டை போட்டுச் செய்ற ஆபரேஷனுக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம்? மாவுக்கட்டு. வாரக்கணக்குல அசையக்கூடாது. கட்டைப் பிரிச்சா ஜவ்வு இருக்கும், தொடை இருக்காது! 1940-கள்ல அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம், போர்ல அடிபட்ட சிப்பாய்களுக்கு இரும்பு எடையைக் காலில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமா கூட்டித் தூக்க வெச்சார். 1945-ல் கட்டுரையும் எழுதினார். இன்னிக்கு ஜிம்முல செட்டு செட்டா எடை தூக்குறீங்களே, அதுக்கு இவர்தான் தாத்தா.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1990 சமாசாரம். இண்டியானாபோலிஸ் டாக்டர் ஷெல்போர்ன் ஒண்ணைக் கவனிச்சார். சொன்ன பேச்சு கேட்காம சீக்கிரமே காலை நீட்டி, ஊன்றி நடந்தவங்க நல்லாயிட்டாங்க. ஒழுங்கா அடங்கி இருந்தவங்களுக்கு முட்டி இறுகிப்போச்சு. அதை வெச்சு பயிற்சி முறையையே மாத்தினார். முதல் நாள்லேர்ந்தே முட்டியை முழுசா நீட்டு, தாங்குற அளவு கால் ஊன்றுன்னு. உடனே கபடிக்கு ஓடிடாதீங்க சாமிகளா. புதுசா வெச்ச ஜவ்வு நடுவுல கொஞ்ச காலம் பலவீனமாகி, ரத்த ஓட்டம் வந்து, அப்புறம்தான் உறுதியாகும். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி களத்துல இறங்கினவங்களுக்கு மறுபடி அடிபடுறது அதிகம்னு 2016-ல் வந்த ஒரு ஆய்வு சொல்லுது.

என் கோபம் வேற. வெளிநாட்டு அட்டவணையில மாடிப்படி ஏறணும், சைக்கிள் மிதிக்கணும்னுதான் இருக்கு. குத்த வெச்சு உட்காரணும், சம்மணம் போடணும், கல்லுப் பாதையில சுமையோட இறங்கணும்னு யாரும் எழுதலை. 1960-கள் கடைசியில ஜெய்ப்பூர்ல ராம் சந்திர சர்மாவும் டாக்டர் சேத்தியும் செயற்கைக் கால் செஞ்சப்போ இதைத்தான் யோசிச்சாங்க. செருப்பில்லாம நடக்கணும், தரையில உட்காரணும். கால் இல்லாதவருக்கு யோசிச்சதை, கால் இருக்கிறவருக்கு யோசிக்கக்கூடாதா?

2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் ஒரு பகுதி. மேரி வர்கீஸ் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க. மலைமேல ஒத்தை வீடா இருக்கிற இடத்துக்கெல்லாம் மாசக்கணக்கா வாரம் ரெண்டு தடவை ஒருத்தர் எப்படி ஏறுவார்ங்கிறதுதான் எனக்கு விடை தெரியாத கணக்கு.

நம்ம பதிவர்கள்ல பிசியோ படிச்சவங்க இருக்கீங்க, தெரியும். சரிவுல இறங்குறதுக்குன்னே தனிப் பயிற்சி ஏதும் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. படம் போட்டா இன்னும் நல்லது, பிரிண்ட் எடுத்து மலைக்கு அனுப்பணும்.