உள்மூடியில் எழுதிய சரித்திரம்

சாவி கொடுத்தால் ஓடும் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்றைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பவர், நொடிக்கு ஐந்து முறை ஒலிக்கும் அந்தச் சிறு நாதத்தை எண்ணத் தொடங்கி, மணிக்கு 18,000 என்றும் பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளுக்கு 4,32,000 என்றும் கணக்கை முடிப்பாரானால், நம் பஞ்சாங்கக்காரர்கள் கலியுகத்துக்கு விதித்திருக்கும் வருஷங்களின் தொகையும் அதுவே என்று கண்டு சற்றுத் திகைப்பார். பொருத்தம் தற்செயலானதுதான். ஆயினும், ஒரு யுகத்தையே நாள்தோறும் மணிக்கட்டில் ஓட்டி முடித்துவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் சாவி கொடுக்கச் சொல்லும் அந்த யந்திரத்தை, ஓட்டம் நின்ற பிறகும் குப்பையில் எறிய மனமின்றிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறவர்களின் அபிமானத்தை விளங்கிக்கொள்ள இந்தக் கணக்கு எனக்குச் சற்று உதவியிருக்கிறது.

திருவள்ளூருக்கு நிமிஷக்கணக்கு வந்தது புகைவண்டியோடு. அதற்கு முன்னரும் அங்கே பொழுதை அளந்துதான் வாழ்ந்தார்கள். வீரராகவப் பெருமாள் கோயிலின் வழிபாடும், அமாவாசைதோறும் அதன் தீர்த்தத்தில் நீராடத் திரளும் ஜனங்களின் பிரயாணமும் திதியையும் நாழிகையையும் கொண்டே நடந்தன. ஆனால் நாழிகை என்பது 24 நிமிஷம் கொண்ட தாராளமான அளவு. இரண்டு நிமிஷம் முன்பின் ஆயிற்றென்று பெருமாள் கோபித்துக்கொண்டதில்லை. 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை திறக்கப்பட்டு, அது திருவள்ளூரின் வழியாகவே சென்றபோது, அந்த இரண்டு நிமிஷத்துக்கும் மதிப்பு உண்டாகிவிட்டது. நிலையத்துக் கடிகாரம் காட்டிய மணியும் உள்ளூர்ச் சூரியனின் மணி அன்று. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தைக் கொண்டு கணித்த சென்னை நேரம், கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் 14 நொடி முந்தியது. பிற்பாடு இந்திய ரயில்வேக்கள் பலவும் தங்கள் கால அட்டவணைகளுக்கு இதையே ஆதாரமாகக் கொண்டன. 1906-இல் ஐந்தரை மணி என்ற இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரத்தைக் கட்டியிருந்தவர்கள் தங்கள் முட்களை ஏறத்தாழ ஒன்பது நிமிஷம் முன்னே தள்ள வேண்டியிருந்தது.

அக்காலத்தில் கடிகாரம் வைத்திருந்தவர் எத்தனை பேர் என்பது வேறு சங்கதி. ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் முதலிய பெயர் தாங்கிய ஸ்விஸ் கடிகாரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாய் வழியாக இந்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. சென்னையில் மவுண்ட் ரோட்டுப் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையின் கோபுரத்துக் கடிகாரத்தை வழிப்போக்கர் யாவரும் அண்ணாந்து பார்த்தனர். ஆனால் உள்ளே சென்று வாங்கியவர்கள் துரைமார்களும் ஜமீன்தார்களும் பெரிய உத்தியோகஸ்தர்களுமே. சாதாரண மனிதனுக்குக் கடிகாரம் என்பது பிறர் சட்டைப்பையில் இருந்த ஒரு வஸ்து. பிறரிடம் மணி கேட்பது அன்று ஒரு சம்பாஷணைத் தொடக்கமாகவே இருந்தது.

இந்த நிலைமையை மாற்றியது சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று. இயந்திரங்களை உற்பத்தி செய்யும் இயந்திரங்களைச் செய்வதற்காக 1953-இல் பெங்களூரில் தோற்றுவிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு கைகோத்து 1961-இல் கடிகாரத் தொழிலில் புகுந்தது. முதல் தொகுதியை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பதினேழு கல் பதித்த 'ஜனதா', கறுப்பு டயலுடைய 'பைலட்', படைவீரரை நினைத்துப் பெயரிட்ட 'ஜவான்', தானே சாவி ஏறும் 'காஞ்சன்' என ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. சில டயல்களில் பெயர் நாகரி எழுத்தில் இருந்தது. ரயில் நிலையப் பலகைகளில் அவ்வெழுத்தைக் கண்டவிடத்தெல்லாம் தார் பூசிய நம்மவர்க்கு மணிக்கட்டில் இருந்ததைப் பூசி அழிக்கத் தோன்றவில்லை என்பதை நான் எப்போதும் ஒரு புன்னகையோடு நினைப்பதுண்டு. அதே 1961-இல்தான் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஏற்பட்டது. அம்பத்தூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் பெருகின. அன்று செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்து 1997-இல் தனியாகப் பிரிந்த இந்தத் திருவள்ளூர்ச் சீமையின் உழவர் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளர்களாயினர். ஆலைச் சங்கு ஊதுமுன் வாசலுக்குள் இருக்க வேண்டியவனுக்குக் கடிகாரம் அலங்காரமன்று. விவாகத்தில் மாப்பிள்ளைக்குச் செய்யும் சீர்வரிசையில் மோதிரத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவே அது இடம்பெற்றதற்கும், பணி ஓய்வு பெறுகிறவருக்கு மாலையோடு அதையே கொடுத்தனுப்பியதற்கும் (இனி மணி பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதவருக்கு மணி காட்டும் கருவியைக் கொடுப்பதில் உள்ள விநோதத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை) காரணம் அந்த ஷிப்டு வாழ்க்கையே. அந்த ஸ்தாபனம் செய்த கடிகாரங்கள் மொத்தம் பத்துக் கோடிக்கும் மேல்.

வாங்கியவர் ஒருவர், அதை வாழவைத்தவர் இன்னொருவர். ரயில் நிலையத்துக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ அருகில், ஒரு ஆள் உட்காரும் அளவான கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கையில் சாமணத்துடன் குனிந்திருந்த வாட்ச் ரிப்பேர்காரரைப் பற்றி எந்தச் சரித்திர நூலும் எழுதவில்லை. அவர் மெஷினைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, உலர்த்தி, ஊசிமுனை அளவு எண்ணெய் இட்டு, மீண்டும் பூட்டிக் கொடுப்பார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரிப்பேர்காரருக்கு விசேஷமான வியாதி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் ஸ்தாபனம் பின்னர் அவ்வூரில் அமைத்த தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கியும் உருட்டியும் கம்பியாக்கும் ஆலைகள் மிகுந்தன. பழைய இரும்பை அள்ளும் மின்காந்தக் கிரேன்களுக்கும் வெல்டிங் கம்பிகளுக்கும் அருகே உழைப்பவன் கையிலுள்ள கடிகாரத்துக்குக் காந்தம் பிடித்துவிடும். மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அதன் நீளம் குறைந்தது போலாகி, சக்கரம் விரைந்து ஆடத் தொடங்கும். கடிகாரம் பித்துப் பிடித்தாற்போல் முந்தி ஓடும். மாறுமின்சாரம் பாயும் கம்பிச்சுருள் ஒன்றின் நடுவே அதை வைத்து மெல்ல வெளியே இழுத்தால் காந்தம் இறங்கிவிடும். கழற்றவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மந்திரிப்பதற்கும் இதற்கும் பார்ப்பவர் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது.

இவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது டோக்கியோவிலிருந்து. 1969 டிசம்பர் 25 அன்று ஸெய்கோ கம்பெனி வெளியிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரம், ஸ்பிரிங்குக்குப் பதில் பாட்டரியையும் ஆடும் சக்கரத்துக்குப் பதில் படிகத்தையும் வைத்து, மாதத்துக்குச் சில நொடிகளே பிசகுவதாக வந்தது. இந்தியாவில் அந்த மாற்றத்தை நிலைநிறுத்தியது தமிழ்நாடு சர்க்காரின் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் டாடா குழுமமும் கூட்டாக 1984-இல் நிறுவிய டைட்டன். அதன் தொழிற்சாலை எழுந்த இடம் ஓசூர் சிப்காட் பேட்டை. கும்மிடிப்பூண்டிக்குக் காந்தக் கிரேன்களைக் கொண்டுவந்த அதே கை, ஓசூரில் சாவியே தேவைப்படாத கடிகாரத்துக்கும் நிலம் கொடுத்தது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யத்தான் செய்தது. ஆனால் பழைய மெஷின்களின் மேல் வைத்த நம்பிக்கையை விடத் தாமதித்தது. நஷ்டம் ஏறி, 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அதன் கடிகாரக் கம்பெனியை மூட அனுமதித்தது. அதற்கும் ஈராண்டு முன்பே, மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது, அதுவரை சீந்துவாரற்றுக் கிடந்த 'ஜனதா'வையும் 'பைலட்'டையும் வாங்க ஜனங்கள் முண்டியடித்தனர். நம் நாட்டில் கடிகார சேகரம் ஒரு பொழுதுபோக்காகப் பலரிடம் வேரூன்றியது அந்தச் சாவுச் செய்திக்குப் பின்னரே என்பது என் அபிப்பிராயம்.

பழம்பொருள் தேடுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் சென்னையில் 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் இருந்தது. அது 1985 மே மாதம் தீக்கிரையாயிற்று. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் இடம் கிடைத்தது. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வரும் மின்சார ரயில்கள் இன்றைக்கு வந்து நிற்கும் நிலையம், மூர் மார்க்கெட்டின் பெயரை மட்டும் தாங்கி, அந்த மனையின்மேல்தான் இருக்கிறது.

இன்றைய சேகரிப்பாளர்களில் பலர் இளைஞர்கள். பொறியியல் படித்து ஆலையில் உத்தியோகம் பார்ப்பவர்கள். கடிகாரத்தின் டிக் ஒலியைக் கேட்டு நாளொன்றுக்கு எத்தனை நொடி முந்துகிறது என்று திரையில் வரைந்து காட்டும் டைம்கிராஃபரை மேஜைமேல் வைத்துக்கொண்டு, தாத்தாவின் கடிகாரத்தைத் தாங்களே பிரித்துப் பூட்டக் கற்கிறார்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிளாஸைப் பற்பசை தேய்த்தே பளிச்சிடச் செய்யலாம் என்பது அவர்களுடைய முதற்பாடம். இன்னொரு சாரார் பழமையை நாடாமல், ஸெய்கோவின் என்.எச்.35 மெஷின் ஒன்றை வாங்கி, டயல், முள், கேஸ் யாவற்றையும் தனித்தனியே தருவித்து, தம் மனத்துக்கிசைந்த கடிகாரத்தைத் தாமே கோத்துக்கொள்கிறார்கள்; தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்வது போன்ற காரியம், இதில் எவரையும் ஏமாற்றும் எண்ணமில்லை. ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. நாலைந்து செத்த கடிகாரங்களின் அங்கங்களை ஒன்றுசேர்த்து, டயலுக்குப் புதுச்சாயம் அடித்து, அதன்மேல் புகழ்பெற்ற பெயரொன்றை அச்சிட்டு விற்கப்படும் சரக்கைச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். அப்படியொன்றை நானும் ஒரு முறை ஆசைப்பட்டு வாங்கினேன். குங்குமச் சிவப்பில் டயல். பளபளப்பைக் கண்டு மயங்கிவிட்டேன். விற்றவர் மேல் எனக்கு இன்று வருத்தமில்லை. அந்த நிறத்தில் அந்தக் கம்பெனி டயலே செய்ததில்லை என்று பிறகு ஒரு நண்பர் சொன்னபோது வந்த வெட்கம்தான் இன்னும் தீரவில்லை. மங்கிப் பழுப்பேறிய டயலைப் புதிதாக்கலாமா கூடாதா என்பதில் சேகரிப்பாளரிடையே ஓயாத வாதம் உண்டு. நான் கூடாது என்னும் கட்சி. கேஸை மெருகிடுவதும் அவ்வாறே. ஒவ்வொரு மெருகிலும் விளிம்பின் கூர்மை மழுங்கி, முலாம் தேய்ந்து, கடைசியில் கூழாங்கல்தான் மிஞ்சும்.

ஆனால் டயலைவிடவும் காக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பின்மூடியைத் திறந்து அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஊசியால் கீறிய மிகச் சிறிய எழுத்துக்கள் தெரியும். சர்வீஸ் செய்த ரிப்பேர்காரர் ஒவ்வொருவரும் தம் அடையாளமாக ஓர் எழுத்தையோ, ஒரு கணக்கு எண்ணையோ, தேதியையோ அங்கே இட்டிருப்பார். அதே கடிகாரம் மறுபடி வந்தால் தம் வேலையா பிறர் வேலையா என்று அறிந்துகொள்ளச் செய்த ஏற்பாடு அது. உடைமைக்காரர் கண்ணில் அது படுவதே இல்லை. என்னிடம் உள்ள 'ஜனதா'வின் மூடியில் அத்தகைய குறிகள் ஏழு. இரண்டு எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. ஓரிடத்தில் ஒரு 'ச' மட்டும் தனியே நிற்கிறது, கை நடுங்கியவர் போலும். சென்ற மாதம் அதை நானே பிரித்து, அலசி, எண்ணெயிட்டுப் பூட்டினேன். நாளொன்றுக்கு இருபது நொடி முந்துகிறது, இருக்கட்டும். மூடியை அழுத்துவதற்கு முன் ஊசியைக் கையிலெடுத்து, அந்த ஏழு பேருக்கு நடுவே என் எழுத்தைக் கீற எனக்கு யோக்கியதை உண்டா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, ஓரத்தில் காலியாயிருந்த இடத்தில் தேதியை மாத்திரம் கீறி மூடினேன்.