உறைந்த ஏரியில் ஒலித்த இசை

திரைப்படம் வாய் திறந்து பேசத் தொடங்கிப் பத்தாண்டுகள் சற்றே கழிந்திருந்த காலம் அது. அக்காலப் படங்கள் பலவற்றில் வாத்தியக் குழுவுக்கு இருந்த வேலை மிக எளியது. காதலர் சந்திக்குமிடத்தில் வயலின் குழையும். குதிரைகள் பாயுமிடத்தில் முரசு அதிரும். வீடு கட்டி முடிந்தபின் சுவருக்கு அடிக்கும் வெள்ளையைப் போன்று, படம் முடிந்தபின் அதன்மேல் இசை பூசப்பட்டது. 1938ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரில் உருவான 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' என்னும் படம் இவ்வழக்கத்தை விட்டு விலகிய படங்களுள் தலையாயது. அதனை இயக்கியவர் செர்கேய் ஐசன்ஸ்டைன். இசை அமைத்தவர் செர்கேய் புரோக்கோஃபியெவ்.

இருவரும் ஒருவகையில் அடிபட்டுத் தேறிவந்தவர்கள். ஐசன்ஸ்டைன் பேசாப்படக் காலத்தில் உலகப் புகழ் ஈட்டியவர். எனினும், பேசும்படம் ஒன்றையேனும் முடித்து வெளியிட அவரால் இயலவில்லை. அவர் எடுத்துக்கொண்டிருந்த 'பெஷின் புல்வெளி' 1937இல் மேலிடத்து ஆணையால் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. புரோக்கோஃபியெவ் நெடுங்காலம் மேலைநாடுகளில் வாழ்ந்துவிட்டு 1936இல் தாயகத்துக்கே குடிபெயர்ந்தவர். 1938இன் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றபோது ஹொலிவூட்டுக்குச் சென்று, ஒலிப்பதிவு முறைகளை நேரிற் கண்டு திரும்பினார். மேற்குலகுக்கு அவர் சென்ற பயணங்களுள் அதுவே கடைசியானது. அங்குக் கண்டவற்றைச் சோதித்துப் பார்க்க ஐசன்ஸ்டைனின் அழைப்பு தக்க வாய்ப்பாயிற்று.

படத்தின் கதை பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நொவ்கொறொட் நகரத்தார்க்குத் தலைமை தாங்கிய இளவரசர் அலெக்சாந்தர், 1240இல் நேவா ஆற்றங்கரையில் சுவீடியரை வென்று 'நெவ்ஸ்கி' என்னும் பெயர் பெற்றவர். 1242ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உறைந்து கிடந்த பெய்ப்பஸ் ஏரியில் ஜேர்மானிய வீரத்துறவியரின் படையை அவர் முறியடித்தார். திரையில் ஏறக்குறைய அரைமணி நேரம் நீளும் அந்த ஏரிப்போர், சுட்டெரிக்கும் கோடையிலே படமாக்கப்பட்டது. மரங்களுக்கு வெளிர்நிறம் தீட்டப்பட்டது. தரையிற் சுண்ணமும் பிறவும் பரப்பப்பட்டுப் பனி படைக்கப்பட்டது. கம்பளியும் இரும்புக் கவசமும் அணிந்து வெயிலில் நின்ற நடிகர்களின் பாட்டை எண்ணிப் பார்க்கலாம். குளிரைக் கண்ணுக்குக் காட்டும் பொறுப்பு ஒளிப்பதிவாளர் எடுவார்ட் திஸ்ஸேயினுடையது. அதனை உடம்பிற் பாய்ச்சும் பொறுப்பு வாத்தியக் குழுவினுடையதாயிற்று.

இசையமைப்பாளர் வேலைசெய்த முறையை ஐசன்ஸ்டைனே பிற்காலத்தில் வியப்போடு எழுதிவைத்துள்ளார். மாலையில், இருண்ட சிற்றரங்கில், எடுக்கப்பட்ட படத்துண்டுகள் புரோக்கோஃபியெவுக்குக் காட்டப்படும். அவர் பேசமாட்டார். அவருடைய நீண்ட விரல்கள் மட்டும் தந்தியடிப்பன போன்று நாற்காலிக் கையிற் தாளமிட்டுக்கொண்டிருக்கும். நள்ளிரவு வேளையில் விடைபெறுகையில், மறுநாள் நண்பகலில் இசை கிடைக்கும் என்பார். மறுநாள் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவருடைய சிறிய நீலநிற மோட்டார்வண்டி படப்பிடிப்பு நிலையத்து வாயிலில் நுழையும். காட்சிக்கு வேண்டிய இசை அதில் இருக்கும்.

எல்லாக் காட்சிகளுக்கும் முறை ஒன்றன்று. சில இடங்களிற் படம் வெட்டி ஒட்டப்பட்டபின் இசை பிறந்தது. வேறு சில இடங்களில் இசை முதலிற் பதிவாகி, அதன் அளவுக்கேற்பப் படம் வெட்டப்பட்டது. ருஷ்யப் படையினர் குழலூதிப் பறைகொட்டும் காட்சி வந்தபோது, தமக்கு வேண்டியது என்னவென்று இயக்குநரால் வாயாற் சொல்ல முடியவில்லை. மரத்தாற் பொய்க்கருவிகள் சில செய்வித்து, அவற்றை ஊதுவதுபோல நடிக்கச்செய்து, ஓசையில்லாமலே படம் பிடித்துக் காட்டினார். அதைக் கண்ட இசைவாணர் ஏற்ற இசையை உடனே எழுதிக் கொடுத்தாராம். கீச்சென்ற குழல்களும் குறும்புத் தாளமும் சேர்ந்த அவ்விசை திரையிற் சொற்பநேரமே ஒலிக்கிறது. இருந்தும், இரும்புக் கவசத்தார் பெருமிதத்தோடு மோதும் களத்தில் கிராமத்துக் கூத்தாடிகளின் நையாண்டி புகுந்தாற்போல, நகைப்பையும் வீரத்தையும் ஒருசேர எழுப்பிவிடுகிறது.

படத்தின் தொடக்கமே கூர்ந்து கேட்கத்தக்கது. மொங்கோலியர் படையெடுப்பாற் பாழ்பட்ட வெளி, சிதறிக்கிடக்கும் எலும்புகள், துருவேறிய படைக்கலங்கள். அவ்வேளையில் மிக உயர்ந்த ஸ்தாயியில் வயலின்களும் மிகத் தாழ்ந்த ஸ்தாயியிற் பெரிய தந்திக்கருவிகளும் ஒரே மெட்டை இசைக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒன்றுமில்லை. பல ஸ்தாயிகள் வெறுமையாய் விடப்பட்டுள்ளன. வெட்டவெளியை ஒலியால் வரைந்து காட்ட இதைவிடச் சிக்கனமான வழி இருக்குமோ என்பது ஐயம். அந்த வெறுமையின் நடுவே ஓபோ என்னும் துளைக்கருவி தனித்து ஒப்பாரி வைக்கிறது. ஒரு நாட்டின் துயரத்தைச் சொல்வதற்கு நூறு கருவிகள் வேண்டியதில்லை என்று அவர் கண்டிருந்தார் போலும்.

பகைவர்க்கு அவர் அமைத்த இசை வேறு வகையானது. அக்காலத்து மெய்யான கத்தோலிக்கப் பாடல்களை முதலில் ஆராய்ந்தார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்திய அவை இன்றைய செவிக்கு எட்டா; ஆதலால் அன்றைய இசையை நாம் எவ்வாறு கற்பனை செய்கிறோமோ அவ்வாறே எழுதுவது நலம் என்று துணிந்தார். வீரத்துறவியர் பாடும் இலத்தீன் சொற்கள் தொடர்ச்சியான பொருள் தருவனவல்ல. பொருளில்லாமையே அச்சத்தை மிகுவிக்கிறது. பிஸ்கொவ் நகரிற் குழந்தைகள் தீயில் எறியப்படும் காட்சியில் அப்பாட்டு நடுக்கமின்றி, இரக்கமின்றி ஒலித்துக்கொண்டே போகிறது.

இங்கேதான் ஒலிவாங்கி ஓர் இசைக்கருவியாயிற்று. டிறம்பெட்டு, டிரோம்போன் முதலிய பித்தளைக் கருவிகளை ஒலிவாங்கிக்கு நேர்முன்னே ஊதினால் ஓசை உடைந்து கரகரக்கும். ஒலிப்பதிவாளர் எவரும் அதைக் குற்றமென்றே ஒதுக்குவர். புரோக்கோஃபியெவோ அக்குற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்தார். ஜேர்மானியக் கொம்புகளின் ஓசை ருஷ்யச் செவிக்கு வெறுப்பூட்டுவதாயிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதுமட்டுமன்று, மெலிந்த குரலுடைய பசூனை ஒலிவாங்கியின் அருகிலும் வலிய டிரோம்போன்களைப் பல அடி தூரத்திலும் நிறுத்தி, மெலியது வலியதாகவும் வலியது மெலியதாகவும் மாறக் கேட்டார். கச்சேரி மண்டபத்தில் இயற்கையால் இயலாத ஒன்று இது. பாடகர் குழு ஓரறையிலும் பித்தளைக் கருவிகள் வேறோர் அறையிலும் இருந்து இசைக்க, இரண்டையும் வேண்டிய அளவிற் கலந்தனர். இன்று எந்த ஒலிப்பதிவு நிலையத்திலும் நாளாந்தம் நடக்கும் காரியமே இது, 1938இல் அவ்வாறில்லை.

போருக்கு முந்திய விடியற்பொழுது இப்படத்தின் உச்சம் எனத்தகும். படையினர் அசையாது நிற்கின்றனர். அடிவானில் ஒன்றுமில்லை. தந்திக்கருவிகளின் வில் குதிரையை ஒட்டி இழுக்கப்படுவதால் எழும் உலர்ந்த, நடுங்கும் ஓசை பனிக்காற்றுப்போல் வந்து படிகிறது. தொலைவிலிருந்து ஒரு கொம்பு. மறுபடியும் மௌனம். பின்னர், குதிரைக் குளம்பின் ஓசை என்று சொல்லவும் முடியாமல் வெறுந்தாளம் என்று தள்ளவும் முடியாமல், தாழ்ந்த கருவிகளில் ஒரு துடிப்பு தொடங்கி வளர்கிறது. அதன்மேல் அந்த இலத்தீன் பாட்டு ஏறுகிறது. பகைவர் நெருங்குமுன்பே கேட்போர் நெஞ்சு தோற்றுவிடும்.

இவ்விடியற்காட்சியின் ஒரு பகுதியை, பன்னிரண்டு படத்துண்டுகளும் பதினேழு இசையளவுகளும் கொண்டதை, ஐசன்ஸ்டைன் 1942இல் வெளிவந்த தம் நூலில் வரைபடமிட்டு விளக்கினார். திரையில் கண் செல்லும் வழியும் இசையின் ஏற்றவிறக்கமும் ஒன்றே என்பது அவர் வாதம். ஹான்ஸ் ஐஸ்லர் என்னும் இசையமைப்பாளரின் பெயரில் 1947இல் வெளிவந்த நூல் இதனை மறுத்தது. தாளில் எழுதிய சுரக்குறிகளின் வடிவம் படத்தின் வடிவத்தை ஒத்திருக்கலாம். மக்கள் கேட்பது ஒலியையேயன்றித் தாளையன்று என்பது மறுப்பின் சாரம். மறுப்பே வலிதாகத் தோன்றுகிறது. ஆயினும் வரைபடம் தவறானாலும் காட்சி தவறவில்லை. சமையற்காரர் சொல்லும் காரணம் பிழையாயிருந்தும் கறி சுவையாக அமைந்துவிடுவதில்லையா?

போரின் முடிவில் பனிப்பாளம் பிளக்கிறது. கனத்த கவசத்தோடு பகைவர் நீரில் அமிழ்கின்றனர். அதுவரை முழங்கிய மெட்டுகள் யாவும் நின்றுபோக, முரசின் அதிர்வே களத்தை ஆள்கிறது. வெள்ளைப் போர்வையொன்று நீரின்மேல் மெல்ல இழுபட்டு மறைகிறது. பிறகு இரவு வருகிறது. தீப்பந்தம் ஏந்திய பெண்கள் வீழ்ந்தவர்களிடையே தம்மவரைத் தேடுகின்றனர். ஓல்கா என்னும் பெண் தன்னை விரும்பிய இரு வீரரையும் தேடி நடக்கிறாள். ஒரு பெண்குரல், திரையில் முகங்காட்டாமல், மெதுவாகப் பாடுகிறது. அழகனை வேண்டாள், வீரனையே மணப்பாள் என்பது பாட்டின் கருத்து. வரிகள் விளாதிமிர் லுகொவ்ஸ்கோய் எழுதியவை. வெற்றி முழக்கம் எழ வேண்டிய இடத்தில் ஒரே குரலின் தாழ்ந்த புலம்பல்! போர்க்களத்தில் மகனைத் தேடிப் பிணங்களைப் புரட்டும் புறநானூற்றுத் தாயை அறிந்தவர்க்கு இக்காட்சி அந்நியமாகாது.

இனி, வரலாற்று மாணாக்கர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இவை உண்மையில் நிகழ்ந்தனவா? போர் நிகழ்ந்தது, ஐயமில்லை. அதன் அளவு பற்றி ஏடுகள் முரண்படுகின்றன. நொவ்கொறொட் நாளேடு ஜேர்மானியரில் 400 பேர் மாண்டனர், 50 பேர் பிடிபட்டனர் என்கிறது. லிவோனியர் தரப்பின் செய்யுள் வரலாறு, வீரத்துறவியரில் 20 பேர் இறந்தனர், 6 பேர் சிறைப்பட்டனர் என்கிறது. பனி பிளந்து படை மூழ்கிய செய்தியோ இவ்விரு ஏடுகளிலும் இல்லை. மாறாக, இருபுறத்தும் மாண்டோர் புல்லின்மேல் வீழ்ந்தனர் என்பதே செய்யுள் வரலாற்றின் கூற்று. மொங்கோலியர்பால் அலெக்சாந்தர் பணிந்து நடந்தமையையும் படம் பெரிதுபடுத்தவில்லை. 1263இல் அவர் இறந்ததும் மொங்கோலியர் பாசறைக்குச் சென்று திரும்பும் வழியிலேயாம். ஏடுகளை ஒரு சிலரே படித்தனர். முரசொலியை இலட்சோபலட்சம் பேர் கேட்டனர். இன்று அப்போர் என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது பிளக்கும் பனியே. அந்நினைவில் ஒரு பாதி கண்ணால் வந்தது. மறுபாதி அம்முரசால் வந்தது.

படம் 1938 டிசெம்பரில் வெளிவந்து பெருவரவேற்புப் பெற்றது. ஜேர்மனியின் படைப்பெருக்கம் கண்டு அஞ்சிய காலத்தில், அரசு வேண்டியதும் இத்தகைய படமே. ஆனால் 1939 ஓகஸ்டில் ஹிட்லரின் அரசோடு சோவியத் அரசு உடன்படிக்கை செய்தது. படம் அரங்குகளினின்றும் ஓசையின்றி அகற்றப்பட்டது. ஜேர்மானியரை அரக்கராகக் காட்டிய அதே ஐசன்ஸ்டைன், 1940 நவம்பரில் பொல்ஷோய் அரங்கில் வாக்னரின் ஜேர்மானிய இசைநாடகமொன்றை மேடையேற்றப் பணிக்கப்பட்டார். காலத்தின் கோலம் அத்தகையது. 1941 யூன் 22இல் ஹிட்லரின் படை எல்லை கடந்ததும் படம் மறுபடியும் திரைக்கு வந்தது. மறு ஆண்டில் நிறுவப்பட்ட நெவ்ஸ்கி விருதுப் பதக்கத்தில், இளவரசரின் மெய்யான உருவம் எதுவும் எஞ்சாமையால், அவராக நடித்த நிக்கொலாய் செர்க்காசொவின் முகமே பொறிக்கப்பட்டது.

இசைக்கு மட்டும் இத்தடை நேரவில்லை. புரோக்கோஃபியெவ் படத்தின் இசையைப் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும் ஏழு பகுதிகளாகத் திருத்தி அமைத்தார். அது 1939 மே மாதம் மொஸ்கோவில் அரங்கேறி, உலகெங்கும் பரவிற்று. படத்தோடு பதிவான ஒலியோ மிகத் தாழ்ந்த தரத்தது. படத்தை முதன்முதற் பார்ப்போர் முகஞ்சுளிக்கும் அளவுக்கு அது நலிந்துள்ளது. ஐசன்ஸ்டைன் 1948இலும், ஸ்டாலின் இறந்த அதே நாளான 1953 மார்ச் 5இல் புரோக்கோஃபியெவும் மறைந்தனர். 1987இல் வில்லியம் பிறோன் என்னும் அமெரிக்கர் படத்துக்கேற்ப இசையை மீட்டமைத்தார். அதன்பின், பெரிய மண்டபங்களிற் படத்தை ஓசையடக்கி ஓடவிட்டு, நேரில் வாத்தியக் குழுவை இசைக்கச்செய்யும் வழக்கம் பரவியது. விடியற்பொழுதின் நடுக்கமும் ஓபோவின் புலம்பலும் அங்கு முன்னிலும் தெளிவாகக் கேட்கின்றன. ஒலிவாங்கியின் வாயில் ஊதி வரவழைத்த அந்தக் கொம்புகளின் கரகரப்பைக் கேட்க விரும்புவோர் மட்டும், 1938இன் நலிந்த பழம் பதிவுக்கே திரும்ப வேண்டியுள்ளது.