எண்ணூர்: வெள்ளைக்காரங்களோட ஹாலிடே ஸ்பாட்

பெரம்பூர்ல இருந்து பேசின் பிரிட்ஜ் போய், கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் ஏறுங்க. எண்ணூர் ஸ்டேஷன் தாண்டினதும் ஒரு பாலம் வரும். கீழ விரிஞ்சு கிடக்கிறது கொசஸ்தலை ஆறு. கொஞ்ச தூரத்துல அது கடல்ல சேருது. அந்த இடம்தான் முகத்துவாரம்.

இன்னிக்கு எண்ணூர்னா நமக்கு ஞாபகம் வர்றது புகையும் கன்டெய்னர் லாரியும்தான். ஆனா 18ஆம் நூற்றாண்டின் கடைசியில, மெட்ராஸ் வெள்ளைக்காரங்க ஓய்வெடுக்கப் போன ஊர் இது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கடல், நடுவுல மணல்திட்டு. அங்க பங்களா, கிளப், படகு சவாரின்னு இருந்தாங்க. 1806ல பேசில் காக்ரேன்ங்கிற வியாபாரி, மெட்ராஸ்ல இருந்து எண்ணூர் வரைக்கும் சுமார் 18 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வெட்டினார். உப்பும் விறகும் அதுலதான் படகுல வந்துச்சு. அது பின்னாடி இன்னும் நீண்டு, 1878ல பக்கிங்ஹாம் கால்வாய் ஆச்சு.

வந்து போனவங்களுக்கு அது வேடிக்கை பார்க்கிற இடம். குப்பத்து மக்களுக்கு அது சோறு. இறால் கடல்ல முட்டை போடும். குஞ்சுங்க அலையோட கழிமுகத்துக்குள்ள வந்து, உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும் கலந்த இடத்துல வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். ஆத்துல ஆழம் இல்லன்னா ஆத்துலயும் மீன்பாடு இல்ல, கடல்லயும் குறையும்.

அந்த ஆழம்தான் போச்சு. 1970ல எண்ணூர் அனல் மின் நிலையம், 90கள்ல வடசென்னை அனல் மின் நிலையம், 2001ல துறைமுகம்னு வரிசையா வந்துச்சு. சதுப்பையும் உப்பளத்தையும் 'சும்மா கிடக்கிற புறம்போக்கு'ன்னு பார்த்ததோட விளைவு இது. சாம்பல் கொண்டு போற குழாய்ங்க கசிஞ்சு, கழிமுகத்துல சாம்பல் படிஞ்சது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலி ஆலைப் பகுதியில இருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்து, படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாத்துலயும் ஒட்டிக்கிச்சு. அது வந்த வழி? அதே பக்கிங்ஹாம் கால்வாய்.

"எண்ணூர் மேட்டர் நமக்கு எதுக்கு"ன்னு கேட்காதீங்க. நம்ம ஏரியா ஓட்டேரி நல்லாவும் அந்தக் கால்வாய்லதான் விழுது. கொசஸ்தலை வெள்ளம் கடலுக்குப் போற வாசலும் அந்த முகத்துவாரம்தான். வாசல் தூர்ந்து போனா, தண்ணி ஊருக்குள்ளதான் நிக்கும். அடுத்த தடவை அந்தப் பாலத்துல போகும்போது போனைக் கீழ வச்சிட்டு ஜன்னல் வழியா பாருங்க. இப்பவும் அங்க வலை வீசிட்டுத்தான் இருக்காங்க.